தண்ணீரை அடைக்கும் இடம் வீட்டில் யாருக்குத் தெரியும்?



வீட்டைப் புதுப்பிக்கும் காலத்தில் நமது பேச்செல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவற்றைச் சுற்றியே அமைகிறது. கூடத்துக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் போடுவது, வாசற்படிக்குக் கிரானைட்டா பளிங்கா என்று பல நாள் கலந்து பேசுகிறோம். கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஆனால், பழைய தரையின் மூலையில் ஒரு சிறு குழிக்குள் கிடக்கும் தண்ணீர் வால்வு, புதிய தரை வந்த பிறகு எங்கே போகும் என்று கேட்பவர் அரிது. டைல்ஸ் ஒட்டி, இடைவெளிகளைப் பூசித் துடைத்து முடித்த அன்றே அந்த வால்வு வீட்டாரின் கண்ணிலிருந்து மறைகிறது. சில மாதங்களில் நினைவிலிருந்தும் மறைந்துவிடுகிறது.

இது கொத்தனாரும் பிளம்பரும் கவனிக்க வேண்டிய செய்தியாயிற்றே, தீனும் துன்யாவும் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அண்டை வீட்டாரின் உரிமை, வீண்விரயம், நம்மை நம்பி வீட்டில் இருப்போரின் நலம் ஆகிய மூன்றும் இந்தச் சிறு வால்வில் வந்து சேர்கின்றன. ஆதலால் இதை எழுதுகிறோம்.

எங்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு பெண்மக்களுக்கு உரியது. திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது நெடுங்கால வழக்கம். ஆகவே மகளின் நிக்காஹ் நெருங்கும்போதே வீட்டுக்கு வண்ணம் பூசுவதும் தரையை மாற்றுவதும் தொடங்கிவிடுகின்றன. மாப்பிள்ளை வரும் வீடு அழகாய் இருக்கவேண்டும் என்னும் விருப்பம் இயல்பானதே. அதில் குறைகாண ஒன்றுமில்லை. 2023 டிசம்பரில் பெய்த பெருமழை இதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்ட ஒருவர், இனித் தரையைச் சற்று உயர்த்திக்கொள்வோம் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் தரை உயர உயர, அதன் அடியில் இருப்பவை நமது கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகின்றன.

இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். இவ்வூர்களின் ஆண்களில் பலர் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் ஹாங்காங்கிலும் பிழைப்பின் பொருட்டு வாழ்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் வீட்டில் இருப்போர் பெண்களும் முதியவர்களும் சிறு பிள்ளைகளுமே. டைல்ஸுக்குப் பணம் அனுப்பியவர் கடலுக்கு அப்பால் இருப்பார். குழாய் உடையும் நள்ளிரவில் தண்ணீரை அடைக்க வேண்டியவர்கள் இவர்கள். அப்படியானால் வால்வு எங்கே இருக்க வேண்டும், எந்தக் கை அதை எட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இவர்களுக்கு அல்லவா முதலிடம் இருக்க வேண்டும்?

தண்ணீர் நமது வீட்டுக்குள் வரும் வழியை ஒருமுறை மனத்தில் வரைந்து பார்ப்போம். நகராட்சி தரும் தாமிரபரணித் தண்ணீர் தெருக்குழாயிலிருந்து பிரிந்து, வாசலை ஒட்டிய ஒரு வால்வைக் கடந்து, தரைக்கடியில் உள்ள சம்பில் விழுகிறது. மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. மாடியிலிருந்து இறங்கும் குழாய் சமையலறைக்கும் குளியலறைக்கும் உளூச் செய்யும் இடத்துக்கும் பிரிகிறது. இவ்வழியில் தண்ணீரை நிறுத்தக்கூடிய இடங்கள் பொதுவாக மூன்று. வாசலில் ஒன்று, மாடித் தொட்டியின் அடியில் ஒன்று, கீழே குழாய்கள் பிரியும் இடத்தில் ஒன்று. பழைய வீடுகளில் திறந்த முற்றத்தை மூடிக் கூடமாக்கியபோது, முற்றத்தின் ஓரத்தில் இருந்த வால்வுக்குழி கூடத்துத் தரைக்குள் வந்துவிட்டது. இன்று டைல்ஸின் அடியில் புதைவது பெரும்பாலும் இந்தக் குழிதான்.

"மாடியில் ஒரு வால்வு இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் இருட்டில் இரும்பு ஏணியில் ஏறிச் சென்று அதைத் திருக 70 வயது மூதாட்டியால் ஆகுமா? கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணால் ஆகுமா? "தொட்டியில் உள்ளது தீர்ந்தால் தானாக நின்றுவிடும்" என்பாரும் உண்டு. 1,000 லிட்டர் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் வெளியேறினால், அது காலியாக 100 நிமிடம் ஆகும். அவ்வளவு தண்ணீரும் 20 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அறையில் தேங்கினால் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். தரையில் விரித்த பாய், மரப்பெட்டியின் அடி, மின்சார இணைப்புப் பலகை எல்லாவற்றையும் தொட்டுவிட அவ்வுயரம் போதும்.

எங்கள் தெருவில் நடந்ததை, அவ்வீட்டாரின் இசைவோடு, பெயர் குறிக்காமல் சொல்கிறோம். மகளின் நிக்காஹை முன்னிட்டு, பழைய மொசைக் தரையை உடைக்காமல் அதன் மேலேயே பசை தடவி டைல்ஸ் ஒட்டினார்கள். கூடத்து மூலையில் வால்வுக்குழியை மூடியிருந்த கடப்பாக்கல்லின் மேலும் டைல்ஸ் சென்றது. நிக்காஹ் சிறப்பாக நிறைவேறியது. வந்தவர்கள் எல்லாரும் தரையைப் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளை விடுமுறை முடிந்து பயணம் போனார்; பெண்ணின் வாப்பாவும் போனார்.

அடுத்த ரமலானில் ஒருநாள், ஸஹருக்கு எழுந்த உம்மா சமையலறையில் காலை வைத்தபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. சிங்க்குக்குக் கீழே குழாயிணைப்பு கழன்று போயிருந்தது. துணியைச் சுற்றிக் கட்டினார், நிற்கவில்லை. வாளி வைத்தார், வாளி நிரம்பி வழிந்தது. மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அவ்வீட்டு இளைஞர் மாடிக்கு ஏறினார். அங்கிருந்த கேட் வால்வின் சக்கரம் துருப்பிடித்துப் போய், உள்ளே எதையும் பற்றாமல் வெறுமனே சுழன்றது. கீழே இன்னொரு வால்வு இருக்கிறது என்பது அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ரியாதில் உறங்கிக்கொண்டிருந்தார்.

இரு வீட்டுக்கும் பொதுவான சுவரின் அடியில் தண்ணீர் கசிந்து அடுத்த வீட்டு அறைக்குள் சென்றது. அங்கே ஒரு மர அலமாரி. அதன் அடித்தட்டில், மூன்று தலைமுறையாகப் பேணிவந்த அரபுத்தமிழ் கிதாபுகள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. காலையில் அவற்றை எடுத்து நிழலில் விரித்தார்கள். அச்சுப் பிரதிகள் சில தேறின. கையால் எழுதப்பட்ட ஒரு நூலின் மை கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதை எழுதியவர் அவ்வீட்டுப் பெரியவரின் பாட்டனார். வேறு படி கிடையாது.

பொழுது விடிந்த பின் வந்த பிளம்பர், வால்வைத் தேடித் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடியில் குழி இருந்தால் ஓசை வெறுமையாய் ஒலிக்கும் என்பார்கள். ஆனால் பசை சரியாகப் பரவாத டைல்ஸும் அதே ஓசையைத்தான் எழுப்பும். நான்கு இடங்களில் உடைத்த பிறகே குழி கிடைத்தது. உடைந்தவற்றுக்கு ஈடாக அதே நிறத்தில் கடையில் கிடைக்கவில்லை. ஒரே பெயரில் விற்கும் டைல்ஸும் ஒவ்வொரு சூளையீட்டிலும் சாயல் சற்று மாறும். அக்கூடத்தில் இன்றும் அந்தத் திட்டுகள் தெரிகின்றன.

அந்த உம்மா எங்களிடம் வந்து, கிதாபுகளுக்கு ஈடு கொடுக்க வேண்டுமா, எப்படிக் கொடுப்பது என்று அழுதவாறு கேட்டார். மார்க்கத் தீர்ப்புக்கு மூத்த ஆலிம்களிடம் அனுப்பிவைத்தோம். அதற்குள் அண்டை வீட்டுப் பெரியவர் தாமே முன்வந்து, "இரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் எனக்கு என்ன வருத்தம்? அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் மன்னித்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தாய் சொன்ன ஒரு சொல் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை: "வால்வு இருக்கிற இடத்தை எங்களிடம் யாருமே சொல்லலியே."

இரவில் உறங்கப் போகுமுன் கதவைத் தாழிடுமாறும், தோற்பையின் வாயைக் கட்டுமாறும், பாத்திரங்களை மூடுமாறும், விளக்கை அணைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை புகாரீ, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். இந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது, தோற்பை என்றால் என்னவென்று விளக்கவே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடும். இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்: அக்காலத்தில் வீட்டுத் தண்ணீர் தோற்பையில் இருந்தது, அதைக் கட்ட ஒரு கயிறு போதும். இன்று அது 1,000 லிட்டர் தொட்டியில் இருக்கிறது. அதைக் கட்டும் கயிறுதான் வால்வு. கயிற்றைத் தரைக்குள் புதைத்துவிட்டு, பையைக் கட்டிக்கொள் என்று வீட்டாரிடம் சொல்ல முடியுமா?

முஸ்லிம் கிரந்தத்தில் வரும் இன்னொரு நிகழ்வும் நமக்குத் தெரிந்ததே. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மேலே காய்ந்திருந்தது; உள்ளே நனைந்திருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். வால்வை மூடி டைல்ஸ் ஒட்டுவோர் எவரும் ஏமாற்றும் நோக்கத்தோடு செய்வதில்லை. அவ்வணிகருக்குச் சொல்லப்பட்ட கடிந்துரையை இவர்கள் மேல் ஏற்றுவது முறையன்று. எனினும் அதில் ஒரு பாடம் இருக்கிறது: அடியில் இருப்பதன் செய்தி மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு எங்கள் இல்லத்தில் தரை மாற்றும் வேலை வந்தது. ஊர் வழக்கப்படி வீடு பிள்ளைகளின் உம்மாவுடையது. வால்வைத் தரையிலிருந்து எடுத்துச் சுவருக்கு மாற்றுவதே முதல் யோசனை. தரையை உடைக்கும்போதே குழாயை மேலே கொண்டுவந்து, சுவரில் ஒரு சிறு மாடம் செய்து, நின்றபடியே திருகும் உயரத்தில் வைத்துவிட்டால் குழியும் வேண்டாம், மூடியும் வேண்டாம். இயன்றவர்களுக்கு இதுவே சிறந்தது. ஆனால் எங்கள் குழாய் செல்வது அண்டை வீட்டாருக்கும் பங்குள்ள பொதுச்சுவரை ஒட்டி. அதைக் குடைய மனம் வரவில்லை. ஆகவே தரையிலேயே மூடி வைப்பதென்று முடிவாயிற்று.

மேஸ்திரிக்கு அதில் உடன்பாடில்லை. "பாய், ஹாலில் மூடி தெரிந்தால் பார்க்கிறவர்கள் என் வேலையைத்தான் குறை சொல்வார்கள். ஒட்டிவிடுகிறேன், தேவைப்பட்டால் அந்த ஒரு டைல்ஸை மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நாங்கள் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து பிள்ளைகளின் உம்மா கேட்டார்: "மேஸ்திரி, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கடப்பாரையைத் தேடவா, தண்ணீரை அடைக்கவா?" மேஸ்திரி சிரித்துவிட்டார். அதற்குப் பின் அவரே மிகுந்த ஈடுபாட்டோடு அந்த வேலையைச் செய்து கொடுத்தார்.

துருப்பிடிக்காத எஃகில் சட்டமும், அதற்குள் பொருந்தும் தட்டும் வாங்கி, தட்டுக்குள் டைல்ஸைப் பதித்தார். மேலே மெல்லிய கோடு மட்டுமே தெரிந்தது. முதலில் அவர் 2 அடிச் சதுர டைல்ஸை முழுதாகவே பதித்திருந்தார். அந்த அளவில் 10 மில்லிமீட்டர் கனமுள்ள டைல்ஸ் மட்டுமே ஏறத்தாழ எட்டரைக் கிலோ. தட்டும் கலவையும் சேர்ந்தால் இன்னும் கனக்கும். பிள்ளைகளின் உம்மா கொக்கியை மாட்டித் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டுமே அசைந்தது. ஓரடிச் சதுரமாக மாற்றச் சொன்னோம். டைல்ஸின் எடை இரண்டு கிலோ அளவுக்கு இறங்கியது. 12 வயது மகள் தூக்கினாள். வால்வை அடைத்துக் காட்டினாள். அடுக்களைக் குழாயில் தண்ணீர் நின்றது. அதன் பிறகே கூலியைக் கணக்குப் பார்த்தோம்.

அவ்வேலையின்போது அறிந்துகொண்டவற்றுள் சகோதரர்களுக்குப் பயன்படக்கூடியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, தரை போடுவதற்கு முன்பே குழாய்களைச் சோதிக்க வேண்டும். தண்ணீரை நிரப்பி, குழாய்களை அடைத்து, ஒரு நாள் முழுதும் இணைப்புகளில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். அந்நிலையிலேயே அளவுநாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரு சுவர்களிலிருந்து வால்வு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதைத் தாளில் எழுதி, அடுக்களை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், எவரும் எவரையும் தொலைபேசியில் எழுப்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, பழைய வால்வை அப்படியே விட்டு மூடி மட்டும் மாற்றுவதில் பயன் குறைவு. கேட் வால்வைப் பலமுறை திருக வேண்டும். பல ஆண்டு தொடாமல் விட்டால் துருவும் சுண்ணமும் படிந்து இறுகிவிடும். பால் வால்வு கால் சுற்றில் அடைபடும். கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் அடைபட்டிருக்கிறது. பார்த்தவுடன் தெரிவதால் பிள்ளைகளுக்கும் விளங்கும். கைப்பிடி சுழல இடமும், ஸ்பேனர் நுழைய இடமும் குழியில் வேண்டும். வால்வின் இருபுறமும் யூனியன் வைத்துவிட்டால் பழுதானால் தரையைத் தொடாமலே மாற்றிவிடலாம். குழி ஆழமானால் வாயும் அகலமாக வேண்டும்.

மூன்றாவது, மூடியின் சட்டம் புதிய தரையின் மட்டத்துக்கு உயர்த்தப்பட வேண்டும். தாழ்ந்திருந்தால் தண்ணீர் தேங்கும், உயர்ந்திருந்தால் முதியவர் கால் தடுக்கும். மூடியின் விளிம்பில் சிமென்ட் பூச விடக்கூடாது. பூசினால் மூடியும் தரையாகிவிடும். பூச்சி ஏறாமலிருக்க ரப்பர் பட்டை போதும். குழியின் அடியில் சிறு ஜல்லி பரப்பினால் ஈரம் வடியும். கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் அடியில் மூடி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டைல்ஸில் ஒரு பெட்டியை அதே ஈட்டிலிருந்து கூடுதலாக வாங்கி வைப்பதும் நன்று.

நான்காவது, அசையாத வால்வு இல்லாத வால்வுக்குச் சமம். எங்கள் கடற்கரையில் கிணற்று நீரில் உப்பும் சுண்ணமும் மிகுதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுதாக அடைத்து, முழுதாகத் திறந்து விட வேண்டும். வீட்டில் உள்ள பெண்களும் பருவமடைந்த பிள்ளைகளும் தம் கையாலேயே அதைச் செய்து பழக வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடுவோரும் விற்போரும் சாவியை ஒப்படைக்கும்போது வால்வின் இடத்தையும் காட்டிக் கொடுப்பது அவர்கள் மேல் உள்ள கடமை என்றே கருதுகிறோம். பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் உளூச் செய்யும் இடத்துக்குப் புதிய தரை போட நன்கொடை தருவோர் பலர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அத்தரையின் அடியில் உள்ள வால்வைப் பற்றி மோதினாரிடம் யாராவது கேட்டார்களா? பஜ்ருக்கு முன் தனியே வந்து கதவைத் திறப்பவர் அவர். வக்ஃபின் தண்ணீர் வீணே ஓடுவதை முதலில் காண்பவரும் அவரே. நபி (ஸல்) அவர்கள் இரு கைகளில் அள்ளும் அளவான ஒரு முத்துத் தண்ணீரில் உளூவை நிறைவு செய்தார்கள். உளூவில் சிக்கனம் போதிக்கும் நாம், உளூத் தண்ணீரை நிறுத்தும் வழியையும் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

தரை அழகாய் இருக்கட்டும். அதில் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு மெல்லிய கோடு தெரிவதால் எந்தச் சபையிலும் நமது மதிப்புக் குறைந்துவிடாது. இன்று வீட்டில் உள்ள உம்மாவிடமோ மனைவியிடமோ மகளிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணீரை எங்கே அடைப்பது என்று தெரியுமா?" தெரியாதென்றால் கூடவே நடந்து சென்று காட்டுங்கள். வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசியில் சொல்லிக் கொடுங்கள். அண்டை வீட்டாரின் உறக்கமும் உடைமையும் நம்மால் கெடாதிருக்க அது ஒரு காவல்.

நமது இல்லங்களையும் அவற்றில் தனித்திருக்கும் பெண்களையும் முதியோரையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக! அவன் அருளிய தண்ணீரை அளவோடு பயன்படுத்தி, அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணி வாழ நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.